கிட்னி வார்டில் காத்திருக்கும் மனைவிமார்!

எம்.ஜி.ஆருக்கு ஜானகி அம்மாள் துணை இருந்தார், பட்டாசுத் தொழிலாளிக்கு?

விருதுநகர்:

வாரத்துக்கு 3 நாள். ஒரு நாளைக்கு 4 மணி நேரம். கணவர் கட்டிலில் படுத்திருக்கிறார். அவர் ரத்தம் குழாய் வழியாக மெஷினுக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பி வருகிறது. மனைவி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் தூக்குச் சட்டி, பிளாஸ்க், ரத்தச் சோதனைச் சீட்டுகள், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், இன்சூரன்ஸ் கார்டு எல்லாம் இருக்கும். பை கனம் குறைவுதான். அதைத் தூக்கிக்கொண்டு அலைகிற அலைச்சல்தான் கனம்.

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சாபீஸ் வேலை. புருஷனும் போவார், பெண்டாட்டியும் போவார். 2 கூலி சேர்ந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். அதில் ஒருவர் கிட்னி பழுதாகிப் படுத்தால் நிற்பது ஒரு கூலி அல்ல, 2 கூலி! படுத்தவர் கூலி ஒன்று. துணைக்கு உட்கார்ந்தவர் கூலி இன்னொன்று. இந்த இரண்டாவது கூலியை எந்த ஆஸ்பத்திரி பில்லிலும் எழுதுவதில்லை.

அருப்புக்கோட்டை எம்.எல்.ஏ.வுக்கு வந்த நோய்

கிட்னி என்ற சொல்லைத் தமிழ்நாட்டின் டீக்கடை வரைக்கும் கொண்டு வந்தது ஒரே ஒருவருடைய நோய்தான். அவர் எம்.ஜி.ஆர்.!

1977-ல் அவர் முதன்முதலாக முதல்-அமைச்சர் ஆனபோது நம் அருப்புக்கோட்டையில் நின்று ஜெயித்தவர். 1984 அக்டோபர் 5-ந் தேதி இரவு சென்னை அப்பல்லோ ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். கிட்னி வேலை செய்யவில்லை என்று செய்தி வந்தது. சில நாளில் பக்கவாதமும் தாக்கியது. அக்டோபர் 16-ந் தேதி பிரதமர் இந்திரா காந்தி நேரில் வந்து பார்த்தார். அதே மாதம் 31-ந் தேதி அந்த அம்மையாரே சுட்டுக் கொல்லப்பட்டார்.

நவம்பர் 5-ந் தேதி எம்.ஜி.ஆர். தனி விமானத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். விமானத்துக்குள்ளேயே ஆஸ்பத்திரி வசதி செய்யப்பட்டிருந்தது. நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் உள்ள டவுன்ஸ்டேட் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மனைவி ஜானகி அம்மாளும் கூடவே போனார். அவருக்கும் அப்போது 60 வயது தாண்டிவிட்டது. அங்கிருந்து வந்த படங்களில் எம்.ஜி.ஆருக்குப் பக்கத்தில் அவரைப் பார்க்கலாம்.

இங்கே தியேட்டர்களில் "ஒளிவிளக்கு" படத்தின் பிரார்த்தனைப் பாட்டைப் போட்டார்கள். ஜனங்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். கோவில்களில் மொட்டை, மண்சோறு. என் கிட்னியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன தொண்டர்களும் உண்டு.

டிசம்பர் 19-ந் தேதி கிட்னி மாற்று ஆபரேஷன் நடந்தது. கிட்னி கொடுத்தவர் எம்.ஜி.ஆரின் அண்ணன் சக்ரபாணியின் மகள் லீலாவதி. 5 நாள் கழித்து 24-ந் தேதி தமிழ்நாட்டில் தேர்தல். எம்.ஜி.ஆர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயித்தார்! 1985 பிப்ரவரி 4-ந் தேதி நாடு திரும்பி 10-ந் தேதி மீண்டும் முதல்-அமைச்சர் பதவி ஏற்றார். 1987 டிசம்பர் 24-ந் தேதி காலமானார். புதுக் கிட்னியோடு 3 வருடம் 5 நாள்.

அப்போது நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு சங்கதி: எம்.ஜி.ஆர். அமெரிக்கா போவதற்கு 13 வருடம் முன்பே, 1971-ல், நம் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் கிட்னி மாற்று ஆபரேஷன் வெற்றிகரமாக நடந்துவிட்டது. இந்தியாவில் அதுதான் முதல் வெற்றி. இப்போது மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியிலேயே இந்த ஆபரேஷன் நடக்கிறது. விருதுநகரிலும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாகிவிட்டது. விமானம் வேண்டாம். மாட்டுத்தாவணிக்குப் போகிற பஸ் போதும்.

ஆனால் அந்தப் பஸ்ஸில் கூடப் போகிறவர் பாடு மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

"ஒரு மடக்குத் தண்ணி குடு!"

டயாலிசிஸ் தொடங்கியவரைக் கவனிக்கிற மனைவிக்கு முதல் சோதனை பணம் அல்ல, தண்ணீர்!

நல்ல கிட்னிகள் இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, வேண்டியதைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஒன்றரை லிட்டர் சிறுநீராக வெளியே தள்ளும். அவை நின்றுவிட்டால் குடித்த தண்ணீர் போக வழி இல்லை. கால் வீங்கும். முகம் வீங்கும். கடைசியில் நுரையீரலில் தேங்கும். நோயாளி படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்குவார்.

அதனால் டாக்டர் அளவு சொல்லிவிடுவார். முதல் நாள் எவ்வளவு சிறுநீர் போனதோ அதோடு அரை லிட்டர் சேர்த்துக்கொள்ளலாம் என்பது சாதாரணமாகச் சொல்கிற கணக்கு. ஆளுக்கு ஆள் இது மாறும்.

விருதுநகர் வெயிலை யாரும் சொல்லித் தெரிய வேண்டாம். பங்குனி சித்திரையில் நல்ல கிட்னி உள்ளவனே குடத்தோடு தூக்கிக் குடிப்பான். அங்கே ஒரு மனுஷன் நாக்கு வறண்டு, "ஏம்மா, ஒரு மடக்குத் தண்ணி குடு, நான் என்ன சாராயமா கேக்கேன்?" என்று கெஞ்சினால் எந்தப் பெண்டாட்டிக்கு மனசு வரும், இல்லை என்று சொல்ல?

சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதற்கு வழி இருக்கிறது. ஒரு நாளைக்குரிய தண்ணீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு அது அவர் கணக்கு, உங்கள் சண்டை அல்ல. பெரிய டம்ளரை எடுத்து உள்ளே வையுங்கள், சின்ன டம்ளர் போதும். வாய் கொப்பளித்துத் துப்பலாம். ஐஸ் துண்டு ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொள்ளலாம். அதுவும் கணக்கில் சேரும். காபி, மோர், ரசம், கஞ்சி எல்லாமே தண்ணீர்தான். "தண்ணியே குடிக்கலை, ரெண்டு டம்ளர் மோர்தான் குடிச்சார்" என்று டாக்டரிடம் சொன்னால் டாக்டர் சிரிக்க மாட்டார்.

ஒரு லிட்டர் தண்ணீர் உடம்பில் தங்கினால் ஒரு கிலோ எடை கூடும். தினமும் காலையில் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். கூடப் பிறந்தவர்கள் என்ன சொன்னாலும் எடைமெஷின் பொய் சொல்லாது.

தாகத்துக்கு மூலகாரணம் தண்ணீர் அல்ல, உப்பு! ஊறுகாய், அப்பளம், கருவாடு, சாத்தூர் காராச்சேவு இவற்றை நிறுத்தினால் பாதித் தாகம் தானாக நிற்கும். கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று ஒன்று விற்கிறது. நல்லது என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கிறது. அது இன்னும் ஆபத்து.

பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் பை

நம் ஊரில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்றால் சொந்தபந்தம் வெறும் கையோடு வராது. வாழைப்பழம் ஒரு சீப்பு. சாத்துக்குடி அரை டஜன். இளநீர் இரண்டு. ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று. விருதுநகர், சிவகாசி எந்த ஊரானாலும் இதுதான் பட்டியல்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பையில் இருப்பது பூராவும் கிட்னி நோயாளிக்கு ஆகாதது!

"மதினி, அண்ணனுக்கு இந்த இளநியைச் சீவிக் குடுங்க, சூடு தணியும்" என்று அன்போடு சொல்வார்கள். இளநீர், வாழை, சாத்துக்குடி மூன்றிலும் பொட்டாசியம் நிறைய. கிட்னி அதை வெளியேற்றாவிட்டால் ரத்தத்தில் ஏறும். ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். திடீரென்று நின்றும் போகலாம். அன்பாகக் கொடுத்த இளநீர் ஆளைக் கொண்டு போய்விடும். ஹார்லிக்ஸ், பால்கோவா இவற்றில் உள்ள பாஸ்பரஸ் கழியாமல் தங்கி உடம்பெல்லாம் அரிக்க வைக்கும், எலும்பை அரிக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது!

காய்கறிகளைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும்.

இன்னொரு தப்பும் நடக்கிறது. டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்பு டாக்டர் பருப்பு, முட்டை, கறியைக் குறைக்கச் சொல்லியிருப்பார். தொடங்கிய பிறகு கதை மாறிவிடும். மெஷின் புரதத்தையும் கொஞ்சம் எடுத்துவிடுவதால் கூடுதலாகச் சாப்பிட வேண்டும். பழைய பத்தியத்தையே பிடித்துக்கொண்டு கஞ்சியாக ஊற்றி ஆளை எலும்பும் தோலுமாக்கிவிடுகிற வீடுகள் உண்டு. முட்டையின் வெள்ளைக் கரு கொடுக்கலாமா என்று டாக்டரிடம் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

நாட்டு மருந்து, லேகியம், பொடி என்று யார் பொட்டலம் நீட்டினாலும் வாங்கி வையுங்கள். டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள்.

அந்தக் கையைத் தொடாதே!

டயாலிசிஸ் செய்ய வசதியாகக் கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்வார்கள். ரத்தக் குழாய்கள் இரண்டை இணைத்துவிடுவார்கள். பிஸ்டுலா என்று பெயர். தொட்டால் உள்ளே கிர்ரென்று ஓடுவது தெரியும். அதுதான் நோயாளியின் உயிர்க்குழாய்.

அந்தக் கையில் பி.பி. பார்க்க விடாதீர்கள். ஊசி போட, ரத்தம் எடுக்க விடாதீர்கள். கடிகாரம், இறுக்கமான வளையம் வேண்டாம். அந்தக் கையைத் தலைக்கு வைத்துப் படுக்கக் கூடாது. தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. தினமும் காலையில் நீங்களே தொட்டுப் பாருங்கள். அந்தக் கிர்ர் இல்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

கழுத்தில் குழாய் போட்டவருக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துப் படுக்க வைக்கிற காய்ச்சல் அல்ல அது.

கூலி போகிறதே, பணத்துக்கு என்ன வழி?

வருட வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதல்-அமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு. வருடத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. டயாலிசிஸ், கிட்னி மாற்று ஆபரேஷன் இரண்டும் அதில் அடங்கும். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும்.

பட்டாசு, அச்சுத் தொழிலாளர்கள் நிறையப் பேர் மறந்துவிடுகிற ஒன்று இ.எஸ்.ஐ. கார்டு. சிவகாசியிலேயே இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. கார்டு மனைவி பேரில் இருந்தாலும் புருஷனுக்கு வைத்தியம் உண்டு! "அவருக்குத்தானே சீக்கு, கார்டு என் பேர்லல்லா இருக்கு" என்று பீரோவுக்குள் பூட்டி வைத்துவிட்டுக் கடன் வாங்க ஓட வேண்டியதில்லை.

கார்டுக்குச் சொந்தக்காரரே நோயாளி என்றால் சம்பளத்தில் 100-க்கு 70 வீதம் வருடத்துக்கு 91 நாள் வரை பணம் கிடைக்கும். கிட்னி நிரந்தரமாகப் பழுதானால் அது நீண்டகால நோய்ப் பட்டியலில் வருகிறது. 2 வருடம் தொடர்ந்து வேலை செய்தது போன்ற சில நிபந்தனைகள் உண்டு. அவை பொருந்தினால் 100-க்கு 80 வீதம் 2 வருடம் வரை நீட்டிக்கலாம். ஆனால் ஒன்று: கம்பெனி பதிவேட்டில் உங்கள் பேர் இருக்க வேண்டும், சந்தாப் பணம் கட்டியிருக்க வேண்டும். வீட்டில் வைத்துச் செய்கிற துண்டு வேலைக்கு இது எதுவும் கிடையாது. அங்கேதான் இந்த வட்டாரத்துப் பெண்கள் பாதிப் பேர் கைவிடப்படுகிறார்கள் என்பது என் எண்ணம்.

ரயிலிலும் சலுகை உண்டு. டயாலிசிஸுக்கோ மாற்று ஆபரேஷனுக்கோ போகிற கிட்னி நோயாளிக்கு இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பரில் கட்டணத்தில் 100-க்கு 75 தள்ளுபடி. கூடப் போகும் ஒருவருக்கும் உண்டு. ரயில்வே படிவத்தில் டாக்டர் கையெழுத்தும் ஆஸ்பத்திரி முத்திரையும் வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு அலைய முடியாதவர்களுக்கு வயிற்றுக்குள் திரவம் விட்டு வீட்டிலேயே சுத்தம் செய்கிற முறையும் இருக்கிறது. அதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கிற வேலை 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. வீடு சுத்தமாக இருக்க வேண்டும், கை சுத்தமாக இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பும் மனைவி தலையில்தான் விழும்.

கிட்னி கொடுப்பது யார்?

2023-ல் இந்தியாவில் உயிரோடு இருக்கும்போதே உறுப்பு கொடுத்தவர்களில் 100-க்கு 60 பேருக்கு மேல் பெண்கள். மனைவி, அம்மா, அக்கா, தங்கை. வாங்கிக்கொள்பவர்களில் ஆண்களே அதிகம்.

இதைத் தியாகம் என்று சொல்லி மாலை போட்டுவிட்டுப் போவது சுலபம். புருஷனுக்குக் கிட்னி வேண்டும் என்றால் பெண்டாட்டியைக் கேட்காமலேயே தீர்மானம் ஆகிவிடுகிற வீடுகள் உண்டு. "அவன்தானே சம்பாதிக்கிறான்" என்பார்கள். அவளும் சம்பாதிக்கிறவள்தான்! பெண்டாட்டிக்கு வேண்டும் என்றால்? அப்போதும் அவள் அம்மாவையும் தங்கையையும்தான் தேடுகிறார்கள்.

சட்டம் இதில் கண்டிப்பாக இருக்கிறது. கொடுப்பவர் மனசார ஒப்புக்கொண்டால்தான் முடியும். டாக்டர் தனியாகக் கேட்கும்போது, பயமாக இருக்கிறது, விருப்பம் இல்லை என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கும் உரிமை உண்டு.

எம்.ஜி.ஆர். காலத்தில் இப்படி ஒரு சட்டமே இல்லை. 1994-ல்தான் வந்தது. கணவன் மனைவி நெருங்கிய உறவு என்பதால் கொடுக்கலாம். அதற்கு அத்தாட்சி கேட்பார்கள். கல்யாண சர்ட்டிபிகேட், கல்யாணப் போட்டோ, பிள்ளைகளின் வயது, பிறப்புச் சர்ட்டிபிகேட், குடும்பத்தோடு எடுத்த போட்டோ எல்லாம் வைக்க வேண்டும். குலதெய்வக் கோவிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் பழைய ஆல்பத்தைக் கரையான் அரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரத்த குரூப் சேரவில்லை என்றால் கதை முடிந்தது என்று உட்கார வேண்டாம். 2011-ல் வந்த திருத்தப்படி, இதே நிலையில் உள்ள இன்னொரு தம்பதியோடு மாற்றிக்கொள்ளலாம். அந்த அம்மாள் கிட்னி இவருக்கு. இந்த அம்மாள் கிட்னி அவருக்கு.

இறந்தவர் உறுப்புக்குப் பெயர் பதிவு செய்யவும் வழி உண்டு. 2008 முதல் தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் நடக்கிறது. உறுப்பு தானம் செய்தவரின் உடலுக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் அறிவித்தார்கள். வரிசை நீளம். ஆனாலும் பெயர் கொடுத்தால்தான் வரிசையில் நிற்க முடியும்.

வராந்தாவில் வருவான் புரோக்கர்!

காத்திருக்கும் இடத்தில் நல்லவன் மாதிரி பேச்சுக் கொடுப்பான். "அக்கா, நீங்க ஏன் குடுக்கீங்க, ஆள் இருக்கு" என்பான். சிக்கிவிடாதீர்கள். 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறித் தொழிலாளர்களின் கடனைக் காட்டி கிட்னி வாங்கிய கூட்டம் அம்பலமானது நினைவிருக்கும். கிட்னி விற்றாலும், வாங்கினாலும், தரகு பார்த்தாலும் 5 வருடம் முதல் 10 வருடம் வரை ஜெயில். 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

கிட்னி கொடுத்தால் ஆயுசு போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு விவரம். எம்.ஜி.ஆருக்குக் கிட்னி கொடுத்த லீலாவதி 2021-ல்தான் காலமானார். ஒற்றைக் கிட்னியோடு 36 வருடத்துக்கு மேல் வாழ்ந்தார்! கொடுப்பதற்கு முன்பு முழு உடம்பையும் சோதித்து, கொடுத்த பிறகும் வருடா வருடம் பி.பி., சிறுநீர் சோதனை செய்துகொள்ள வேண்டும். வாங்கிக்கொண்டவர் மாத்திரையை ஆயுசு பூராவும் விடக் கூடாது. நன்றாகத்தானே இருக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்தினால் கிட்னியை உடம்பு அந்நியன் என்று தள்ளிவிடும்.

துணைக்குப் போனவருக்கும் ஒரு சோதனை

கடைசியாக, வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை.

பட்டாசு ஷெட்டில் வெக்கை. நடுவில் வெளியே போகக் கூச்சம், தூரம். அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை பார்க்கிற பெண்கள் ஏராளம். ராத்திரி இடுப்புவலி. பெட்டிக்கடையில் வலி மாத்திரை. இப்படி வருடக்கணக்கில் போட்டால் அந்த மாத்திரையே கிட்னியைத் தின்னும். வெயிலில் உழைக்கும் தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்த சென்னை டாக்டர்கள், 100-க்கு 5 பேருக்குக் கிட்னி பழுது இருப்பதையும், அதில் பாதிப் பேருக்குச் சர்க்கரையோ பி.பி.யோ இல்லை என்பதையும் கண்டார்கள். வெயிலும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

கிட்னி பாதி கெடும் வரை ரத்தத்தில் கிரியாட்டினின் கூடாது. வலியும் இருக்காது. சிறுநீரில் நுரை, காலையில் கண் இமை வீக்கம் வந்தால் சந்தேகப்பட வேண்டும். சர்க்கரை, பி.பி. உள்ளவர்கள் அது வரும் வரை காத்திருக்கக் கூடாது.

அடுத்த தடவை கணவரை மெஷினில் ஏற்றியதும் அந்த மஞ்சள் பையைப் பக்கத்தில் இருப்பவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அதே ஆஸ்பத்திரி ஓ.பி.யில் போய் உங்கள் கையையும் நீட்டுங்கள். பி.பி. பார்க்க 5 நிமிஷம். சிறுநீர் சோதனைக்கு இன்னும் கொஞ்ச நேரம். அவர் இறங்குவதற்குத்தான் 4 மணி நேரம் இருக்கிறதே!